ஹவுஸ் செட் நடுவில் எலக்ட்ரோ ஃபங்க் போட்டால் ஏன் நடனத் தளம் நின்றுவிடுகிறது? எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

தட்டுச்சுழல் எழுதியது:

வணக்கம். இரண்டு வருடமாக டிஜே செய்கிறேன், பெரும்பாலும் ஹவுஸ் என்ற நடன இசை, கொஞ்சம் டிஸ்கோ. பெங்களூரில் ஒரு சின்ன பாரில் மாதம் ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரம் எனக்குக் கொடுக்கிறார்கள். போன மாதம் லண்டனிலிருந்து வந்த மாமா ஒரு பை நிறைய 12 இஞ்ச் இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார், எல்லாம் 1982க்கும் 84க்கும் நடுவில் வந்த எலக்ட்ரோ ஃபங்க், அதாவது டிரம் மெஷினையும் சிந்தசைசரையும் வைத்துச் செய்த நடன இசை. அவர் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியதாம். அதில் ஆஃப்ரிகா பம்பாட்டாவும் சோல்சோனிக் ஃபோர்ஸும் போட்ட 'பிளானட் ராக்' இருந்தது, ஹாஷிமின் 'அல்-நாஃபீஷ்' இருந்தது, பெயரே தெரியாத இன்னும் பத்துப் பதினைந்து இருந்தன.

வீட்டில் கேட்டதும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. நாற்பது வருடத்துக்கு முந்தைய சத்தம் மாதிரியே இல்லை. அன்று இரவு மூன்று மணி வரைக்கும் ஒரே தட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன், அடுத்த நாள் வேலைக்குப் போகும்போதும் அந்த டிரம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சரி, செட்டில் போடுவோம் என்று சனிக்கிழமை ஹவுஸ் நடுவில் 'பிளானட் ராக்'கை மிக்ஸ் பண்ணிக் கொண்டுவந்தேன். வேகம் சரியாகத்தான் பொருத்தியிருந்தேன். ஆனால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே தடுமாறி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பாதிப் பேர் குடிக்க ஏதாவது வாங்கப் போய்விட்டார்கள். எனக்கு மனசே உடைந்துவிட்டது.

என் கேள்விகள்: ஏன் அப்படி ஆனது? இந்த இசை எதைச் சேர்ந்தது, ஹிப் ஹாப்பா, டிஸ்கோவா, டெக்னோவா? டிஸ்கோ செத்தது, ஹவுஸ் பிறந்தது என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள், நடுவில் இப்படி ஒன்று இருந்ததை எனக்கு யாரும் சொன்னதே இல்லை. எதையெல்லாம் கேட்க வேண்டும், எந்த வரிசையில்? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள், எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

கீழ்ஸ்தாயி எழுதியது:

தம்பி, உன் மாமாவுக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல். நான் பதினெட்டு வருடமாகத் தட்டு போடுகிறேன், அதில் பதினைந்து வருடம் எலக்ட்ரோ ஃபங்க் இல்லாமல் ஒரு இரவும் போனதில்லை. அதனால் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

எதைச் சேர்ந்தது என்று கேட்டாய். அந்தக் காலத்தில் அந்தக் கோடுகளே இன்னும் போடப்படவில்லை. 1982 நியூயார்க்கை நினைத்துப் பார். பிராங்க்ஸில் பம்பாட்டா போடும் பார்ட்டிகளில் ஜேம்ஸ் பிரவுனும் ஓடும், ஜெர்மனியின் க்ராஃப்ட்வெர்க்கும் ஓடும், ஜப்பானின் எல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ராவும் ஓடும். என்ன தட்டு என்று மற்ற டிஜேக்கள் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக நடுவில் இருக்கும் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார்கள். ஆடுகிறவனுக்கு அது டுசல்டார்ஃபில் செய்ததா டோக்கியோவில் செய்ததா என்பது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கால் நகர்கிறதா என்பதுதான் கேள்வி.

டாம் சில்வர்மேன் 1981இல் தொடங்கிய டாமி பாய் என்ற சின்னக் கம்பெனிக்காக 'பிளானட் ராக்' செய்தார்கள். தயாரிப்பு ஆர்தர் பேக்கர், கீபோர்டு ஜான் ரோபி. க்ராஃப்ட்வெர்க்கின் 1977 பாடல் ஒன்றிலிருந்து மெலடி, 1981 பாடல் ஒன்றிலிருந்து தாளத்தின் யோசனை. நிறையப் பேர் இதைச் சாம்பிள், அதாவது பழைய பதிவிலிருந்து அப்படியே வெட்டி எடுத்த துண்டு, என்று நினைக்கிறார்கள். இல்லை, அந்த மெலடியை ரோபி தன் கையால் திரும்ப வாசித்தார். டிரம் மெஷின் அவர்களிடம் சொந்தமாக இல்லை. ஒரு பத்திரிகையின் வரி விளம்பரத்தில் டிரம் மெஷினோடு வருகிறேன், ஒரு அமர்வுக்கு 20 டாலர் என்று போட்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டு ரோலண்ட் டிஆர்-808ஐ வைத்துத் தாளம் போடச் சொன்னதாகப் பேக்கர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நினைத்துப் பார், அடுத்த நாற்பது வருட நடன இசையின் தாளம் இருபது டாலருக்கு வந்தது.

பாட்டில் இடையிடையே ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவே ஒரே நேரத்தில் இடிப்பது போல ஒரு சத்தம் வருகிறதே, அது ஃபேர்லைட் என்ற ஆஸ்திரேலியக் கணினி சிந்தசைசரோடு வந்த ஒரு தயார் சத்தம், மூலம் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' பாலே இசை. 1910இல் பாரிஸில் அரங்கேறிய இசையின் ஒரு துண்டு, பிராங்க்ஸ் பையன்களின் நடனப் பாட்டில்! இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு ரோமம் நிற்கும்.

இன்னொன்று. க்ராஃப்ட்வெர்க் பிரச்சினை செய்தால் என்ன பண்ணுவது என்று பயந்து அதே தாளத்தின்மேல் வேறு மெலடியும் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அந்த நாடாவை வீணாக்காமல் அதையே வேறு குழுவுக்கு, பிளானட் பேட்ரோல் என்ற பெயரில், 'ப்ளே அட் யுவர் ஓன் ரிஸ்க்' என்ற பாட்டாக அதே 1982இல் கொண்டுவந்தார்கள். உன் மாமா பையில் அது இருக்கிறதா பார். இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேள், ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி என்று உடனே தெரியும்.

கேட்க வேண்டிய வரிசை என்று கேட்டாய். நான் சொல்வது ஆண்டு வரிசை அல்ல. முதலில் மேன் பாரிஷின் 'ஹிப் ஹாப், பி பாப்', 1982. குரலை ஒட்டிக் கேட்காமல் இயந்திரங்கள் எப்படி ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொள்கின்றன என்பதை அதில் கேட்கலாம். அப்புறம் உன்னிடம் இருக்கும் ஹாஷிம், 1983. அதற்கப்புறம் நியூக்ளியஸின் 'ஜாம் ஆன் இட்', 1984, அதன் பேஸ்லைனை வாயால் பாடிப் பழகு. பிறகு மேற்குக் கரைக்குப் போய் லாஸ் ஏஞ்சலஸின் ஈஜிப்ஷியன் லவர். ஹெர்பி ஹான்காக்கின் 'ராக்கிட்' 1983இல் வந்து தொலைக்காட்சி வழியாக உலகம் முழுக்க டர்ன்டேபிள் தேய்ப்பதைக் கொண்டுபோனது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் கடைசியில் வைக்கிறேன்.

தளம் ஏன் நின்றது என்பதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஒருவர் இங்கே இருக்கிறார். 'பதினாறு' வருவார் என்று எதிர்பார்க்கிறேன்.

பதினாறு எழுதியது:

வந்துவிட்டேன் அண்ணா.

நான் டிஜே இல்லை, வீட்டில் ட்ராக் செய்கிறவள். சின்ன வயதில் ஏழு வருடம் மிருதங்கம் படித்தேன், அதனால் இந்தத் தாளம் எனக்கு அந்த வழியாகத்தான் புரிந்தது. உங்களுக்கும் அதே வழியில் சொல்லிப் பார்க்கிறேன்.

808இல் ஒரு வரிசையில் பதினாறு பொத்தான் இருக்கும். நாலு அடி, ஒவ்வொரு அடிக்கும் சதுஸ்ர நடையில் நாலு, ஆக நாலு தகதிமி. கையால் தட்டிக்கொண்டே சொல்லுங்கள்: தகதிமி தகதிமி தகதிமி தகதிமி. ஹவுஸில் கிக், அதாவது கீழே இடிக்கும் பெரிய டிரம், எங்கே விழுகிறது? ஒவ்வொரு 'த'விலும். 1, 5, 9, 13. அதனால்தான் எவ்வளவு குடித்திருந்தாலும் கால் தவறாது, தரை நாலு முறையும் ஒரே மாதிரி வந்து காலைத் தாங்கிக்கொள்ளும். எலக்ட்ரோவில் அடிக்கடி வரும் ஒரு அமைப்பைச் சொல்கிறேன்: கிக் 1, 7, 11. ஸ்நேர், அதாவது கூர்மையாக வெடிக்கும் சின்ன டிரம், 5, 13. அதாவது முதல் தகதிமியின் 'த'வில் கிக், இரண்டாவதில் 'த'வில் ஸ்நேர், ஆனால் அதே இரண்டாவதின் 'தி'யில் மறுபடி கிக், மூன்றாவதில் 'த' காலியாக விட்டுவிட்டு 'தி'யில் கிக், நாலாவதின் 'த'வில் ஸ்நேர். இப்போது வலது காலால் கிக், கையால் ஸ்நேர் போட்டுப் பாருங்கள். அந்த மூன்றாவது 'த' காலியாக இருக்கிறதே, உங்கள் ஆட்கள் விழுந்தது அந்தக் குழியில்தான். இருபது நிமிடமாக ஒவ்வொரு 'த'விலும் தரை வந்துகொண்டிருந்தது, திடீரென்று ஒரு இடத்தில் தரை இல்லை. உடம்பு நின்று யோசிக்கிறது. இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை, அவர்கள் தப்பும் இல்லை.

சமத்தில் எடுக்காமல் அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டு கேட்டிருப்பீர்கள் இல்லையா, அந்த இழுப்பு மாதிரிதான் இதுவும். எடுப்பு எங்கே என்று உடம்புக்குப் பிடிபட்டுவிட்டால் அப்புறம் நேராக விழும் கிக் சப்பென்று இருக்கும்.

808 பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சத்தமும் தாளமும் ஒன்றோடொன்று ஒட்டியவை. 1980இல் வந்தது, 1983இல் நிறுத்திவிட்டார்கள், மொத்தம் ஏறக்குறைய 12,000தான் செய்தார்கள். அந்தக் காலத்தில் நிஜ டிரம்ஸைப் பதிவு செய்து வைத்திருந்த லின் எல்எம்-1 கிட்டத்தட்ட 5,000 டாலர், 808 சுமார் 1,200 டாலர். நிஜ டிரம் மாதிரி இல்லை என்று பல ஸ்டூடியோக்காரர்கள் அதை ஒதுக்கினார்கள், அதனால் பழைய பொருளாக மலிவு விலைக்கு வந்தது, அதனால் பணமில்லாத பிள்ளைகள் கைக்குப் போனது. அதில் பதிவு செய்த சத்தம் எதுவும் கிடையாது, எல்லாம் மின்சுற்றே உண்டாக்கும் சத்தம். கவ்பெல் என்று எழுதியிருக்கும் பொத்தான் இரண்டு சதுர அலைகளைச் சேர்த்து டொங் டொங் என்று ஒலிக்கும், எந்த மாட்டின் கழுத்திலும் அப்படி ஒரு மணி தொங்கியதில்லை. கிக்குக்கு டிகே என்று ஒரு திருகு உண்டு, அதை நீட்டினால் ஒரு தட்டலோடு முடியாமல் பூம்ம்ம் என்று இழுத்துக்கொண்டே போகும். பின்னால் மயாமிக்காரர்கள் அந்த ஒரு திருகை வைத்தே ஒரு முழு இசையை உண்டாக்கினார்கள், மயாமி பேஸ் என்று தேடுங்கள், அங்கிருந்து தட்டுகள் ரியோவுக்குப் போய்ப் பிரேசிலின் ஃபங்க் பார்ட்டிகளுக்கு அடித்தளமானது.

முக்கியமாக, 808இல் ஸ்விங், அதாவது அடிகளைச் சற்றே தள்ளி விழவைக்கும் வசதி, கிடையாது. எல்லாமே அச்சுக்கோத்தது போல நேராக விழும். ஆனாலும் ஆடவைக்கிறது என்றால், அந்த அசைவு முழுக்க எங்கே அடிக்கிறோம், எங்கே அடிக்காமல் விடுகிறோம், எந்த இடத்துக்கு அழுத்தம் கொடுக்கிறோம் என்பதிலிருந்து வருகிறது. நான் ரோலண்டின் சின்ன டிஆர்-08ஐ வைத்துக்கொண்டு முதல் மாதம் முழுக்க சத்தங்களை அடுக்கிக்கொண்டே போனேன், ஒன்றும் ஆடவில்லை. பாதியை அழித்தேன், ஆடியது.

தட்டுச்சுழல் எழுதியது:

அக்கா, தகதிமி சொல்லிக்கொண்டே சமையலறையில் காலைத் தட்டிக்கொண்டிருந்தேன், மூன்றாவது நிமிடத்தில் சட்டென்று பிடிபட்டது. இப்போது அந்தக் காலி இடத்துக்காகவே காத்திருக்கிறேன். ரொம்ப நன்றி.

அப்படியென்றால் செட்டில் எப்படித்தான் கொண்டுவருவது? தனியாக ஒரு பகுதியாக வைக்க வேண்டுமா?

மழைநகரம் எழுதியது:

நான் இருபத்தைந்து வருடமாக மான்செஸ்டரில் இருக்கிறன். இந்தத் திரியில் என்ரை ஊர்க் கதை வராமல் போனால் சரியில்லை, அதுதான் எழுதுகிறன்.

இங்கே கிரெக் வில்சன் என்று ஒரு டிஜே. 80இலிருந்து விகன் பியர் கிளப்பிலும், அதுக்குப் பிறகு மான்செஸ்டர் லெஜண்ட் கிளப்பில் புதன்கிழமை இரவுகளிலும் தட்டு போட்டவர். வந்து ஆடினவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினப் பிள்ளைகள். முதலில் ஜாஸ்-ஃபங்கும் சோலும்தான். 82இல் நியூயார்க்கிலிருந்து இந்தத் தட்டுகள் இறக்குமதியாக வரத் தொடங்கினதும் அவர் அதைத் தன் செட்டுக்குள் எடுத்தார். எவ்வளவு எதிர்ப்பு வந்தது தெரியுமா? சோல், ஜாஸ்-ஃபங்க் வட்டாரத்துப் பெரிய மனிதர்கள் இது இசையே இல்லை, இயந்திரச் சத்தம், இதற்கு உயிர் இல்லை என்று எழுதினார்கள், பேசினார்கள். உயிர் இல்லை என்று சொன்னவர்கள் லெஜண்டுக்குப் போய் அந்தப் பிள்ளைகள் ஆடினதைப் பார்த்திருக்க வேண்டும் என்று இங்கே பழைய ரெக்கார்டுக் கடையில் ஒரு பெரியவர் எனக்கு அடிக்கடி சொல்லுவார். அவர் அந்தப் புதன்கிழமைகளுக்குப் போனவர். அந்த இரவுகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் கடை பூட்டுகிற நேரமும் மறந்துபோகும்.

83 தொடக்கத்தில் 'தி டியூப்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் நேரலையில் இரண்டு தட்டை மிக்ஸ் பண்ணிக் காட்டினார். அதுவரைக்கும் இங்கே பெரும்பாலான டிஜேமார் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மைக்கில் கதைக்கிறவர்கள்தான். அதே வருடம் இங்கத்தைய ஹாசியெண்டா கிளப்பில் வெள்ளிக்கிழமைகளும் செய்தார். ஹாசியெண்டா என்றால் எல்லோரும் 88, ஆசிட் ஹவுஸ் என்று மட்டும்தான் சொல்லுவார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்பே அதே தளத்தில் எலக்ட்ரோ ஃபங்க் ஓடினது, அந்தப் பிள்ளைகள்தான் ஹவுஸ் வந்தபோது இங்கே அதை முதலில் ஏந்திக்கொண்டவர்கள். இதை விட்டுவிட்டுக் கதை சொல்லுகிற ஆவணப்படங்களைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

வில்சன் 83 முடிவில் தட்டு போடுவதையே நிறுத்திவிட்டார். இருபது வருடம் கழித்து 2003இல்தான் திரும்பி வந்தார். வந்தபோது பக்கத்தில் ஒரு ரீல் டேப் மெஷின், ரெவாக்ஸ் பி77. ஒரு வார்த்தையைப் பிடித்து அதற்குள் எதிரொலியாக அனுப்பி, அது சுழன்று சுழன்று தேயும்போது அடுத்த தட்டை உள்ளே விடுவார். நான் அவர் முன்னால் நின்று கேட்டிருக்கிறன், அந்த எதிரொலி வயிற்றுக்குள் கேட்கும்.

தம்பி, உங்கள் மாமா லண்டனில் படித்தவர் என்றால் அவரிடம் ஸ்ட்ரீட் சவுண்ட்ஸ் எலக்ட்ரோ தொகுப்புகள் இருக்கும். 83இலிருந்து வந்தவை. ஒரு இறக்குமதித் தட்டின் விலை கொடுக்க முடியாத பிள்ளைகள் ஏழெட்டுப் பாட்டு இடைவெளியில்லாமல் மிக்ஸ் ஆகி வந்த இந்த எல்பியை வாங்கி, கசெட்டில் பதிந்து, தெருவில் அட்டையை விரித்து ஆடினார்கள். இங்கிலாந்தில் ஒரு தலைமுறைக்கே பாடப்புத்தகம் அதுதான்.

மூக்_விரல் எழுதியது:

எல்லாம் சரி, ஒரு விஷயத்தில் நான் மறுத்துப் பேச வேண்டும். எலக்ட்ரோ ஃபங்க் என்றாலே க்ராஃப்ட்வெர்க் என்று ஆரம்பிக்கிறோம். பெயரிலேயே பாதி ஃபங்க் இருக்கிறது, அந்தப் பாதியைப் பற்றி இந்தத் திரியில் இதுவரை ஒரு வரி கூட வரவில்லை.

பார்லமென்ட் குழுவின் 'ஃப்ளாஷ் லைட்' கேளுங்கள், 1978இல் அமெரிக்க ஆர்&பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் முதலிடத்துக்குப் போன பாட்டு. அதில் பேஸ் கிடாரே இல்லாமல் பெர்னி வொரெல் மினிமூக் சிந்தசைசரில் பேஸ் வாசித்திருக்கிறார். பியானோ முறைப்படி படித்த கை. ஒரு சுரத்தில் நிற்காமல் வழுக்கி, சுருண்டு, மேலே போய்க் கீழே விழுந்து, ஒரு ஆள் பேசுவது மாதிரியே வாசிக்கிறார். 1978இலேயே சிந்தசைசர் பேஸ் ஒரு கறுப்பின நடனத் தளத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்.

அப்புறம் ஒஹாயோவின் ஸாப், 'மோர் பவுன்ஸ் டு தி அவுன்ஸ்', 1980. ரோஜர் ட்ரவுட்மேனின் குரலைக் கேட்டுவிட்டு வோகோடர் என்கிறார்கள். அது டாக் பாக்ஸ். கீபோர்டின் சத்தம் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வாய்க்குள் வரும், வாயை அசைத்து அந்தச் சத்தத்தைச் சொல்லாக்குவார், மைக் அதைப் பிடிக்கும். தொண்டை வேலை செய்யாது, நாக்கும் உதடும்தான். வோகோடர் வேறு, அது குரலைப் பட்டைகளாகப் பிரித்து மின்னணுவில் வேறு சத்தத்தின்மேல் ஏற்றுவது, 1930களில் பெல் ஆய்வகத்தில் தொலைபேசிக்காக உருவாக்கியது. கேட்கும்போது இரண்டும் ரோபோ மாதிரி இருக்கலாம், ஆனால் டாக் பாக்ஸில் ஒரு மனிதனின் வாய் ஈரம் இருக்கிறது. எனக்கு அந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

நியூயார்க்கிலேயே 'பிளானட் ராக்'குக்கு முன்னால் டி ட்ரெய்னின் 'யூ ஆர் தி ஒன் ஃபார் மீ' 1981இல் வந்துவிட்டது. பீச் பாய்ஸின் (Peech Boys, நியூயார்க் குழு; கலிஃபோர்னியாவின் Beach Boys இல்லை) 'டோன்ட் மேக் மீ வெயிட்' 1982, அதில் பாரடைஸ் கராஜ் கிளப்பின் டிஜே லாரி லெவானின் கை இருக்கிறது, அந்தக் கைதட்டல் சத்தத்தின் எதிரொலியைக் கேட்டால் ஹவுஸ் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். ஜெர்மன் இயந்திரம் வந்து கறுப்பின இசையை மாற்றியது என்று சொல்வது பாதிக் கதை. சிந்தசைசரைக் கையில் எடுத்து வருடக்கணக்காக ஆடவைத்துக்கொண்டிருந்தவர்கள், க்ராஃப்ட்வெர்க்கைக் கேட்டதும் அதற்குள் இருந்த ஃபங்கை அடையாளம் கண்டுகொண்டார்கள், அவ்வளவுதான்.

கீழ்ஸ்தாயி எழுதியது:

மூக்_விரல், முழுக்க ஒப்புக்கொள்கிறேன், நான் அவசரத்தில் விட்டது பெரிய விடுபடல். 1980இல் எல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா 'சோல் ட்ரெயின்' நிகழ்ச்சியிலேயே வந்து வாசித்தார்கள், அமெரிக்கக் கறுப்பின இசையின் வீட்டு வாசல் அது. அந்த வாசல் ஏற்கெனவே திறந்திருந்தது என்பதற்கு நீங்கள் சொன்னதோடு இதையும் சேர்க்கலாம்.

டெட்ராய்ட் கதையும் உங்கள் பக்கம்தான் பேசும். எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற பெயரில் ஒரு வானொலி டிஜே அங்கே இரவில் பார்லமென்ட், பிரின்ஸ், க்ராஃப்ட்வெர்க் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவார், இது யாருடைய இசை என்ற பாகுபாடே இல்லாமல். அதைக் கேட்டு வளர்ந்தவர் ஹுவான் ஆட்கின்ஸ். கல்லூரியில் ரிக் டேவிஸைச் சந்தித்து இருவரும் சைபோட்ரான் என்று ஆரம்பித்தார்கள். அவர்களுடைய முதல் தட்டு 'ஆலீஸ் ஆஃப் யுவர் மைண்ட்' 1981இல் வந்தது. 'பிளானட் ராக்'குக்கு ஒரு வருடம் முன்னால்! அப்படியானால் நியூயார்க்கைப் பார்த்து டெட்ராய்ட் செய்ததில்லை, இரண்டு ஊரும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. 1983இல் 'கிளியர்', 1985இல் ஆட்கின்ஸ் தனியாக மாடல் 500 என்ற பெயரில், மெட்ரோப்ளெக்ஸ் என்ற தன் சொந்த இசைக் கம்பெனியில். டெக்னோ என்று உலகம் அதற்குப் பெயர் வைத்தது அப்புறம்தான். 2005இல் மிஸ்ஸி எலியட் பெரிய ஹிட் ஒன்றில் 'கிளியர்' துண்டைப் போட்டார், இருபது வருடம் கழித்தும் புதுசாகத்தான் இருந்தது.

90களில் ட்ரெக்ஸியா வந்தார்கள், அதே டெட்ராய்ட். 'த' காலியாக விடும் அதே தாளம், ஆனால் கடலுக்கு அடியில் வாசிப்பது மாதிரி. அவர்களைப் பற்றித் தனித் திரிதான் போட வேண்டும்.

சரி, செட்டுக்கு வருகிறேன் தம்பி. தனிப் பகுதியாக ஒதுக்காதே, மியூசியத்தில் வைத்தது மாதிரி ஆகிவிடும். பதினாறு சொன்னதைத் திரும்பப் படி: ஹவுஸில் கைதட்டல் எங்கே? 5, 13. எலக்ட்ரோவில் ஸ்நேர் எங்கே? அதே 5, 13. கதவின் கீல் அதுதான். ஓடிக்கொண்டிருக்கும் ஹவுஸ் தட்டின் லோவை, அதாவது கீழ்ச்சத்தத்தை, முதலில் முழுக்க வெட்டிவிடு, கிக் போய்விடும், கைதட்டலும் ஹை-ஹேட்டும் மட்டும் நிற்கட்டும். ஒரு எட்டு பார், அதாவது எட்டு நாலடிச் சுற்று, அப்படியே விடு. கிக் இல்லாததைக் கால் உணர்ந்து ஏங்க வேண்டும். அதன் கைதட்டலோடு எலக்ட்ரோவின் ஸ்நேரை ஒட்டவைத்து, லோ இல்லாமல் உள்ளே கொண்டுவா. அப்புறம் ஒரு சுற்றின் முதல் அடியில் அதன் லோவைத் திற. இரண்டு கிக்கும் ஒரே நேரத்தில் ஒரு விநாடி கூட ஓடக் கூடாது. அன்றைக்கு நீ வேகத்தைச் சரியாகப் பொருத்தியும் குழம்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும், இரண்டு கிக்கும் ஒன்றின் இடைவெளியை மற்றது நிரப்பிவிடும், எதுவும் தெளிவாக விழாது.

12 இஞ்சைத் திருப்பிப் பார், பின்பக்கம் இன்ஸ்ட்ருமென்டல் இருக்கும், சிலதில் டப், அதாவது குரலைக் குறைத்து எதிரொலி சேர்த்த வடிவம், இருக்கும், போனஸ் பீட்ஸ் என்று வெறும் டிரம் மட்டும் இருக்கும். அந்தக் காலத்தில் டிஜேக்களுக்காகவே அச்சிட்டது. அதை வைத்து நுழை, பாட்டுப் பக்கத்தை அப்புறம் கொண்டுவா.

வேகம்: 'பிளானட் ராக்' நிமிடத்துக்கு 127 அடி பக்கம் ஓடும், உன் ஹவுஸ் 124 என்றால் இரண்டரை சதவீதம் குறைத்தால் போதும், டெக்னிக்ஸ் டர்ன்டேபிளில் வேகத்தை மாற்றும் பிட்ச் எட்டு சதவீதம் வரை இருக்கிறது, கவலையில்லை. ஆனால் ஸாப் 106 பக்கம். அதை 124க்கு ஏற்ற வேண்டுமானால் பதினேழு சதவீதம், முயற்சியே செய்யாதே. இரவின் முதல் மணி நேரத்தில் போடு, ஜனம் வந்துகொண்டிருக்கும்போது. காதுக்கு அந்தத் தாளம் முன்பே பழகியிருந்தால் பதினொரு மணிக்கு 'பிளானட் ராக்' வரும்போது யாருக்கும் அந்நியமாக இருக்காது.

பதினாறு எழுதியது:

இடையில் ஒன்று. இதே 808ஐ 1982இலேயே மும்பையில் ஒருவர் வாங்கி ஆல்பம் போட்டிருக்கிறார், சரண்ஜித் சிங். இந்தி சினிமா வாத்தியக்காரர். 808, டிபி-303 பேஸ் இயந்திரம், ஜூபிட்டர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2010இல் ஒரு டச்சு லேபிள் மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் கேட்டு வியந்தது. அது எலக்ட்ரோ ஃபங்க் இல்லை, கிக் ஒவ்வொரு 'த'விலும்தான் விழும். ஆனால் தட்டுச்சுழல் மாதிரி ஹவுஸ் போடுகிறவர் அதிலிருந்து நுழைந்து எலக்ட்ரோவுக்குப் போகலாம், ராகத்தைக் கேட்ட நம் ஜனம் வாசலிலேயே நின்று ரசிக்கும்.

தட்டுச்சுழல் எழுதியது:

நேற்று சனிக்கிழமை. உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஒன்பது மணிக்கு ஸாப்போடு தொடங்கினேன், அப்புறம் பீச் பாய்ஸ். பத்தே முக்காலுக்கு ஹவுஸ் நடுவில் லோவை வெட்டி எட்டு பார் விட்டேன், கை நடுங்கியது. மாமா பையில் பிளானட் பேட்ரோல் இருந்தது, அதன் இன்ஸ்ட்ருமென்டல் பக்கத்தோடு ஸ்நேரை ஒட்டிக் கொண்டுவந்து, லோவைத் திறந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் அந்தக் காலி 'த'வில் நின்று 'தி'யில் இறங்கினாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் ஆடவில்லை, ஒரு பத்துப் பேர் சுவரோரம் போனார்கள். ஆனால் 'பிளானட் ராக்'கின் ஆர்கெஸ்ட்ரா இடி வந்தபோது அந்தப் பத்தில் ஆறு பேர் திரும்பி வந்தார்கள்.

மாமாவிடம் போனில் சொன்னேன். 1984இல் லண்டனில் ஒரு நிலையத்துக்கு வெளியே அட்டை விரித்து ஆடிய பையன்களைப் பார்த்துக்கொண்டே நின்று இரண்டு ரயிலை விட்டதாகச் சொன்னார். இத்தனை வருடத்தில் எங்களிடம் சொன்னதே இல்லை. ஸ்ட்ரீட் சவுண்ட்ஸ் எல்பி மூன்று இன்னும் வீட்டில் இருக்கிறதாம், டிசம்பரில் கொண்டுவருகிறார்.

'கிளியர்' 12 இஞ்ச் நல்ல நிலையில் எங்கே கிடைக்கும்? பழைய அச்சைத் தேடுவதா, மறுபதிப்பே போதுமா?

கீழ்ஸ்தாயி எழுதியது:

மறுபதிப்பு போதும், வெளியே கொண்டுபோய்த் தேய்க்கத்தானே போகிறாய். என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்றை உனக்குத் தருகிறேன். தனிச்செய்தியில் முகவரி அனுப்பு.